சட்டையைக் கழற்றாத ஏகநாதன்

"ஹலோ... ஹலோ... படப்பை சிமெண்ட் கடைதானே?... யாரு, அந்தோணிசாமியா? நான் ஜெயக்கொடி பேசறேன்ப்பா, ஒங்க மொதலாளி வூட்டுல... ஆங், ஆங், தாம்பரத்துலருந்துதான். அவராண்ட குடு... இல்லியா? எங்க போய்க்கீறாரு?... ஒரகடத்துக்கா? எப்ப?... ஏம்ப்பா, அங்க பின்னால இருமறது யாரு?... லாரி டிரைவரா? கல்யாணம் ஆன நாள்லருந்து அந்த இருமலைக் கேட்டுக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?... நீ இன்னா பண்ணுவ, சொல்லச் சொன்னா சொல்ற. போனைக் கொண்டுபோயி அவர் காதுல வெய்யி... வெய்யின்றேன்ல!"

ஜெயக்கொடி நின்றிருந்த டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கதவு முழுசாக மூடாது. கீல் இறங்கிப்போய் ஒரு முழம் திறந்தபடியே நிற்கும். உள்ளே பேசுவது முடிச்சூர் சாலை வரைக்கும் கேட்கும். வெளியே பெஞ்சில் இரண்டு மூன்று பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த கட்டடத்தில்தான் நர்சிங் ஹோம். அங்கே மாடியில், கட்டிகளைப் பார்த்து அறுவை செய்கிற டாக்டரம்மாவின் அறைக்கு முன்னால், இடம் பிடிப்பதற்காகத் தன் கூடையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்திருந்தாள். புருஷன் ஏகநாதன் பின்னாலேயே பைக்கில் வருவதாகச் சொன்னதை நம்பி காலையிலேயே பஸ் ஏறி வந்தவள். படியில் ஏறுகிற ஒவ்வொரு ஆம்பளைச் செருப்புச் சத்தத்துக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். டாக்டரம்மா ஆபரேஷனுக்குப் போய்விட்டால் இனி அடுத்த வாரம்தான் என்று நர்சு சொன்ன பிறகு, போன் செய்ய ஓடி வந்தாள்.

"ஹலோ... வந்துட்டீங்களா? ஒரகடத்துலருந்து சீக்கிரமே வந்துட்டீங்களே!... சிரிக்கல, நான் ஒண்ணியும் சிரிக்கல. இன்னும் கடையில குந்திக்கினு இன்னா பண்றீங்க? காலைல இன்னா சொன்னீங்க? நீ முன்னால போ, நான் பின்னாலயே வரேன்னு சொன்னீங்களா இல்லியா?... ஆமா... ஆமாமா... லாரி வந்துட்ச்சி, தெரியும். லாரி தெனம்தான் வருது. போன வாட்டியும் இதே லாரியத்தான் சொன்னீங்க... மூட்டை எறக்க அந்தோணிசாமி கீறாரு, ஆளுங்க கீறாங்க. நீங்க போயா முதுகுல தூக்கப் போறீங்க?... என்ஜினியர் வராரா? வரட்டும். குந்த வெச்சி ஒரு கலர் சோடா வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. நீங்க பொறப்படுங்க... நாளைக்கா? நாளைக்கு டாக்டர் கெடையாது. அடுத்த வாரம்... அடுத்த வாரமும் உனக்கு லாரி வரும்!"

மரியாதை அவளையும் அறியாமல் நழுவியது. நழுவியதை அவள் கவனித்தாள். எடுத்து ஒட்டவைக்கத்தான் தோன்றவில்லை.

இது ஆடி மாசத்தில் ஆரம்பித்தது. படப்பையை ஒட்டிய அவர்கள் ஊரில் அம்மன் புறப்பாடு என்றால் பல்லக்கின் முன்தண்டு ஏகநாதனுக்குத்தான். அவன் அப்பனுக்கு அப்புறம் அவன். வேட்டியை வரிந்து கட்டி, வெற்று மார்பில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு அவன் தோள் கொடுத்தால்தான் அம்மன் அசையும் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்த மார்பில் அவனுக்கும் ஒரு கர்வம் உண்டு. மாசி முடிந்து வெயில் ஏறினால் கடையில்கூட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உட்காருவான். அப்படிப்பட்டவன் இந்த ஆடியில் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக ஓரமாய் நின்றான். தோள் பிடித்துக்கொண்டது என்றான். தண்டைப் பங்காளி மகன் தூக்கினான்.

தோள் பிடிப்பு ஆடி போய் ஆவணி வந்தும் விடவில்லை. வீட்டிலும் சட்டை. கிணற்றடியிலும் பனியன். தீபாவளி காலையில், எண்ணெய் வைக்காமல் விடமாட்டேன் என்று பிடிவாதமாக உட்காரவைத்துத் தோளிலிருந்து கையை இறக்கியபோதுதான் அது விரலில் தட்டியது. இடது மார்க்காம்புக்குப் பக்கத்தில், புளியங்கொட்டை அளவில், கல்லு மாதிரி. தள்ளினால் நகரவில்லை. ஏகநாதன் அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தான். கொழுப்புக் கட்டி என்றான். தலையில் வழிந்த எண்ணெயோடு வெளியே போய்விட்டான். பொங்கல் வந்து போனது. புளியங்கொட்டை எலுமிச்சம்பிஞ்சு மாதிரி ஆனது.

"தோ பாருங்க, இங்க ஆளுங்க நின்னுக்கினு கீறாங்க, என்னால வெலாவாரியா பேச முடியாது. அந்த விஷயம்... அதான், அந்த விஷயம்... எந்த விஷயமா? உனக்குத் தெரியாது? நான் எதுக்கு இங்க வந்துக்கீறேன், சினிமா பாக்கவா?... இல்ல, கத்தல. கத்தாமதான் சொல்றேன். அது... ஒடம்புல... தீபாவளிக்குப் பாத்தமே... பல்லு வலியா? யோவ், விளையாடறியா? பல்லு வலிக்கா நான் தாம்பரம் வந்து காத்துக் கெடக்கறேன்?... பக்கத்துல என்ஜினியர் கீறாரா? அதனாலதான் பல்லு வலின்றியா? சரி, நீ பேச வாணாம். நான் சொல்றத மட்டும் கேளு. ஆங், ஊங்னு சொல்லு, போதும்... ஒரு நிமிஷங்க, தோ முடிச்சிடறேன், கண்ணாடிய ஒடச்சிடாதீங்க... ஒன்ன சொல்லல, இங்க ஒருத்தர் தட்டிக்கினே கீறாரு... எது சரியாப் போச்சு?... பல்லு வலி சரியாப் போச்சா? யோவ்! மாருல கீற கட்டிய சொல்றேன்யா நான்! ஒன் மாருல கீற கட்டி! பல்லாம் பல்லு!"

பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்த ஆள் கையை இறக்கிக்கொண்டு, சாலையில் போகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோல் நின்றான். பூத்துக்காரர் நாளிதழை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஹலோ... ஹலோ... வெச்சிட்டியா?"

வைத்துவிட்டான்.

ஜெயக்கொடிக்குக் காதெல்லாம் சூடேறியது. போன வாரமும் இதேதான். அன்றைக்குக் கூடவே வந்தான், வராமலில்லை. படிப்பை முடித்து புதிதாய் வந்த படப்பை டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் இங்கே போகச் சொன்னதால் வந்தான். மாடி ஏறினால் ஹால் பூராவும் பொம்பளைகள். சுவரில் மாட்டியிருந்த படமும் பொம்பளைப் படம். ஒரு பாட்டி நகர்ந்து இடம் விட்டு, கூட வந்த சம்சாரத்துக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று ஏகநாதனைத்தான் கேட்டாள். அவன் முகம் சுண்டிப்போனது. டீ குடித்துவிட்டு வருவதாக எழுந்தவன் திரும்பி வரவேயில்லை. நர்சு பெயரைக் கூப்பிட்டபோது ஜெயக்கொடி ஒற்றையாக எழுந்து நின்று, திருட்டுப் பயல் மாதிரி முழித்தாள்.

அவள் மறுபடியும் எண்ணைச் சுழற்றினாள். இரண்டு முறை என்கேஜ்டு சத்தம். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருப்பான் என்று பல்லைக் கடித்தாள். மூன்றாம் முறை மணி அடித்தது.

"ஹலோ... அந்தோணிசாமி, வெச்சிடாத. அவரு பேச மாட்டேன்னு கையாட்றாரா? ஆட்டட்டும். நீ கேளு... இல்ல, உன்னாண்டதான் சொல்றேன். ஒங்க மொதலாளிக்கு இன்னா வியாதின்னு இப்ப ஒனக்குச் சொல்றேன், நீயே இட்டுக்கினு வா. அவருக்கு எடது பக்கம்..."

அடுத்த முனையில் என்னவோ உருண்டது. நாற்காலியாகத்தான் இருக்கும்.

"ஆங்... வந்துட்டியா. அவனாண்ட சொல்றேன்னதும் கைக்குப் பலம் வந்துட்ச்சா போனப் புடிக்க?... மானம் போச்சா? ஆமா, போச்சு. இங்க இந்த ரோடுக்கே தெரிஞ்சிட்ச்சி, ஏகநாதனுக்கு மாருல கட்டின்னு. இன்னா ஆயிட்ச்சி? பஸ்ஸு ஓடாம நின்னுட்ச்சா?... கத்து, நல்லா கத்து... நான் எதுக்கு அறிவு கெட்டவ? ஆடிலருந்து துணிய மூடிக்கினு ஒளிஞ்சிக்கினு திரியற நீ அறிவாளி, ஒன் பின்னால சுத்தற நான் அறிவு கெட்டவளா?... பொம்பளைங்களுக்கு வர்றதுன்னு யார் சொன்னா? அந்த டீக்கடை மூர்த்தியா? டாக்டரம்மா சொன்னாங்களா?... கேட்டேன். கேட்டேன்றேன்! போன வாரம் நீ ஓடிப் போனியே, அப்ப நானே உள்ள போயி கேட்டேன். எம்மா, இவருக்கு எப்டிம்மா வரும், இவரு ஆம்பளையாச்சேன்னு. அவங்க சிரிக்கல, தெரியுமா. ஆம்பளைக்கும் மாருதானேம்மா அதுன்னாங்க. கம்மியாத்தான் வருமாம், ஆனா வருமாம். ஒரு போலீஸ்காரருக்குப் பாத்துக்கீறாங்களாம். மீசைய முறுக்கிக்கினு இப்பவும் டூட்டிக்குப் போறாராம்... அதுதான்னு சொல்லல. இன்னா கட்டின்னு யாருக்கும் தெரியாது. ஊசி குத்தி எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஒண்ணுமில்லாமக்கூட இருக்கலாம். பாக்காம எப்டி சொல்றது?... எப்டி ஒனக்குத் தெரியும் ஒண்ணுமில்லன்னு? வலிக்கலன்னாவா? வலிக்காததுதான் மோசம்ன்றாங்க...

...இன்னா?

...இரு, இரு. இன்னா சொன்ன இப்ப?... வாயிலருந்து வந்துட்ச்சில்ல, முழுங்காத. சொல்லு... எப்பருந்து?... காம்புலருந்தா?"

பொங்கலுக்கு அப்புறம் ஏகநாதன் தன் பனியனைத் தானே துவைக்க ஆரம்பித்திருந்தான். அவளுக்கு வேலை குறையட்டும் என்று செய்கிறானாக்கும் என்று அவளும் சந்தோஷப்பட்டாள். ஒருநாள் கொடியில் காய்ந்த பனியனில் இடது பக்கம் காசு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. கேட்டதற்குக் கம்பித் துரு என்றான். நாள் முழுக்க இரும்புக் கம்பியோடு புழங்குகிறவன். துருதான் என்று அவளும் விட்டுவிட்டாள். சோப்புக் கட்டியை எடுத்துப்போட்டு இன்னும் நன்றாகத் தேய்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"...ஒண்ணுமில்ல. நின்னுக்கினுதான் கீறேன்... அழுவல. யாரு அழுவறா? தொண்டை கட்டிக்கிச்சு... துருன்னு சொன்னியேய்யா. நானும் நம்பிக்கினு சோப்ப எடுத்துக் குடுத்தேனேய்யா... இல்ல, திட்டல. இப்பத் திட்டல. ஆனா எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. உன் மேலயா என் மேலயான்னு தெரியல... பக்கத்துல படுத்துக்கினு கீறவளாண்ட மறைச்சிட்ட. ரத்தம் வருதுய்யா, ரத்தம்! எவனாவது கையில வெட்டிக்கினு வந்தான்னா அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு நீதான் தூக்கிக்கினு ஓடுவ. உனக்குன்னா மட்டும் பனியனைத் தொவைச்சிக் காயப்போடுவியா?"

பூத்துக்காரர் ஸ்டூல் ஒன்றை எடுத்துவந்து கதவு இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். அவள் உட்காரவில்லை. கண்ணாடியைத் தட்டிய ஆள், தன் முறையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் டீக்கடைக்குப் போயிருந்தான்.

"சொல்லு... கேட்டுக்கினுதான் கீறேன், சொல்லு... உம்... உம்... அறுத்துடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். அறுக்கறதா இருந்தாலும் இருக்கும்... தழும்பா? ஆமா, இருக்கும்... ஆடிக்கா? யோவ், இப்ப போயி ஆடிய பத்திப் பேசற!... சரி, சரி, பேசு... உம்... மேல் சட்டையோட முன்தண்டு தூக்கக் கூடாது, தெரியும்... ஒரு பக்கம் காம்பில்லாம, தழும்போட, ஊர் முன்னால நின்னா சிரிப்பாங்களா? எவன் சிரிப்பான், பேர் சொல்லு. ஒன் பங்காளிங்களா? அவனுங்க எதுக்குத்தான் சிரிக்கல, நாம கடை போட்டதுக்கே சிரிச்சவனுங்க... சாமி தூக்கறதுக்கு மொதல்ல ஆளு உசிரோட நிக்கணும்ல. நீ இல்லாத ஊர்ல அந்த அம்மன் மெயின் ரோட்ல போனா இன்னா, குறுக்குச் சந்துல போனா இன்னா எனக்கு? நான் கதவைச் சாத்திக்கினு உள்ள குந்தியிருப்பேன்... அம்மனை ஒண்ணும் சொல்லல. அவ கோச்சிக்க மாட்டா. அவளுக்கும் மாரு கீது, புரிஞ்சிக்குவா."

அவள் ஒரு கையால் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போன் நின்றுவிட்டதோ என்று ஒரு தடவை ரிசீவரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதில் வைத்தாள்.

"ஹலோ... கீறியா?... உம்... நீ மெதுவா பேசினா எனக்குக் கேக்க மாட்டுது, லாரி சத்தம்... பயமா கீதா?... எனக்கும்தான். நேத்துலருந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. நீ கவனிக்கல... என்ஜினியர் போய்ட்டாரா? யாருமில்லியா அங்க? சரி... அழுவு. நல்லா அழுவு, ஒண்ணும் தப்பில்ல... ஆனா அழுதுட்டு கெளம்பி வரணும். அழுது முடிச்சி லாரிக்குப் போய்ட்டன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்..."

"...அந்த ஹாலா? ஆமா, இன்னிக்கும் பொம்பளைங்கதான். வேற யாரு வருவாங்க அங்க?... அவங்க நடுவுல குந்தணும், ஏகநாதன்னு நர்சு சத்தமா கூப்பிடுவா, அல்லாரும் உன்னப் பாப்பாங்க. அதானே உனக்கு? கட்டியக் காட்டிலும் அதான் பெரிய பயம். கூப்பிட்டா எழுந்து நடக்கணுமேன்ற பயம்... தெரியும்யா. போன வாரம் ஒன் மூஞ்சியப் பாத்தனே. ஓடிப்போன ஆத்திரத்துல அன்னிக்கு எனக்கு வெளங்கல, வூட்டுக்கு வந்தப்புறம்தான் வெளங்குச்சி...

தோ பாரு, கேளு. இன்னிக்கு டோக்கன் என் பேர்லதான் போட்டுக்கீறேன்... ஆமா, என் பேர்லதான். ஜெயக்கொடின்னு. நர்சாண்ட நெஜத்தைச் சொல்லித்தான் போட்டேன். டாக்டரம்மாவுக்கும் தெரியும். கூப்பிடறப்போ ஜெயக்கொடின்னுதான் கூப்பிடுவாங்க. நான் எழுந்திருப்பேன், நீ என் பின்னால வா. பொண்டாட்டிக்குத் தொணையா வந்தவன் மாதிரி வா. கதவைச் சாத்தினப்புறம் சட்டையக் கழட்டு. உள்ள நம்ம மூணு பேருதான்... ஹால்ல கீறவங்களா? எனக்குத்தான் கட்டின்னு நெனைப்பாங்க. காலைலருந்தே அப்டிதான் நெனச்சிக்கினு கீறாங்க. ஒரு அம்மா என் கையப் புடிச்சிக்கினு, பயப்படாதம்மா, சரியாப் போயிடும்னு அரை மணி நேரம் பேசிச்சி. நானும் சரிம்மா, சரிம்மான்னு கேட்டுக்கினேன்... நெனச்சிட்டுப் போகட்டுமே, எனக்கு இன்னா கொறஞ்சிட்ச்சி?"

மறுமுனையில் ஏகநாதன் ஏதோ சொன்னான். சின்னதாகத்தான் சொல்லியிருப்பான். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"சரி... சரி... நீ பைக் ஓட்ட வாணாம், கை நடுங்கும். அந்தோணிசாமிய ஓட்டச் சொல்லி பின்னால குந்திக்கினு வா... அவனாண்ட பல்லு வலின்னே சொல்லு, எனக்கு இன்னா வந்துச்சு!... பனியன் மாத்த வாணாம், அப்டியே வா. அந்தக் கறையயும் டாக்டரம்மா பாக்கட்டும்... நான் ஓடிப்போயி அவங்கள ஆபரேஷனுக்குப் போகாம நிறுத்தி வெக்கறேன். காலுல விழுந்தாவது நிறுத்தறேன். நீ வழியில மண்ணிவாக்கத்துல டீ குடிக்கறேன்னு எறங்கின, அவ்ளோதான், சொல்லிட்டேன்... லாரியா? இன்னும் லாரியா? யோவ், அந்த லாரிய..."

அவள் பாதியில் நிறுத்தினாள்.

மறுமுனையில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் உராய்ந்து, நீளமாக இறங்கி, தரையில் டங்கென்று மோதுகிற சத்தம். கடையின் ஷட்டர். அவள் அப்பா செத்த அன்றைக்குக்கூட பாதிதான் இறக்கிவிட்டு வந்தவன் ஏகநாதன். லாரி வந்து நிற்கிற பட்டப்பகலில் அது முழுசாக இறங்கியதை ஜெயக்கொடி ரிசீவர் வழியாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஹலோ... ஹலோ... கீறியா?..."

போனை வைக்காமலேயே அவன் கிளம்பியிருந்தான். ரிசீவரைச் சரியாகக்கூட வைக்காமல், பூத்துக்காரரிடம் நோட்டை நீட்டிவிட்டு மீதிச் சில்லறையை வாங்காமல், அவள் நர்சிங் ஹோம் படிகளை நோக்கி ஓடினாள்.